வெட்டியெடுத்த மூச்சு

காலையில் வேலை அறைக் கதவைத் திறந்ததும் வாய்நாற்றம் அடித்தது.

எலி செத்த நாற்றம் இல்லை, ஈரச் சாக்கு நாற்றம் இல்லை. வாய்நாற்றம்தான். ராத்திரி முழுக்க மூடிக்கிடந்த வாய் விடிந்ததும் முதன்முதலாகத் திறக்கும்போது வருமே, பல்லிடுக்கில் ஊறிப் புளித்து, நாக்கில் வெள்ளையாகப் படிந்து, குமட்டுகிற அளவுக்குக் கொஞ்சம் தித்திப்பும் கலந்து, அதே வாடை. அவள் கதவுப் பிடியை விடாமல் நின்றாள். தன் வாயாக இருக்குமோ என்று உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தாள். பல் விளக்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டிய அறை அது, அதற்குள் யார் வாயைத் திறந்திருக்க முடியும்?

அது முன்பு வீட்டில் பழைய சாமான் போட்டு வைத்திருந்த அறை. ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் தடித்த பஞ்சு, தரையில் கம்பளம், கதவுக்கு இரட்டைப் பலகை. உள்ளே நின்றால் சொந்த ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கும். காற்று அசையவே வழியில்லாத இடம், என்ன வாடை வந்தாலும் அங்கேயே குந்திக்கொள்ளும். டேப்பிலிருந்து வருகிறதாக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அறுபது எழுபது வருஷத்து டேப் என்றால் பெட்டியைத் திறந்ததுமே வினிகர் நெடி மூக்கில் ஏறும். ஓட விட்டால் டேப் உரசிப் போகும் மெஷின் தலையில் பழுப்பாக ஒரு பிசின் அப்பிக்கொள்ளும், அதைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுக்கவே தனி வயிறு வேண்டும். பல் காறை மாதிரி இருக்கும் அது. பதினைந்து வருஷமாகத் துடைக்கிறாள், இன்னும் பழகவில்லை.

பழைய பாட்டுகளைச் சுத்தம் செய்வதுதான் அவள் தொழில். கீறல், இரைச்சல், மின்சார முனகல், நாற்காலி கிறீச்சிடுவது எல்லாவற்றையும் களைந்துவிட்டுப் பாட்டை மட்டும் கொடுப்பாள். இந்தத் தடவை வந்திருந்தது ஒரே பாடகரின் ஆறு ஆல்பம், எழுபத்திரண்டு பாட்டு. மெதுவான ஜாஸ். பியானோ ஒன்று, பெரிய பாஸ் ஒன்று, பிரஷால் தடவுகிற டிரம் ஒன்று, அதற்கு மேல் அந்த ஆளின் குரல். அந்தக் காலத்தில் அவரை வெல்வெட் என்றுதான் கூப்பிடுவார்களாம். அவர் மேடையில் கத்திப் பாடுகிற ஜாதி இல்லை. மைக்கை உதட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரே ஒருத்தி காதில் ரகசியம் சொல்வதுபோலப் பாடுவார். பாட்டெல்லாம் ஒரே சங்கதிதான்: போகாதே, பக்கத்தில் வா, இன்னும் பக்கத்தில் வா. அட்டைப் படத்தில் பாதி மூடிய கண், பாதி திறந்த வாய். கீழுதடு நனைந்து மினுங்கும். அந்தப் படத்தை அவள் முதல் நாளே குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

மறுவெளியீட்டைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனி மேனேஜர் போனில் படித்துப் படித்துச் சொன்னார். "மேடம், கேக்கறவங்க காதுல உதட்ட வச்சுப் பாடற மாதிரி இருக்கணும். நெருக்கம் மேடம், நெருக்கம். அதத்தான் நாம விக்கறோம்."

"உதட்ட வைக்கட்டும் சார். எச்சிலயும் சேத்தா வைக்கணும்?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அதெல்லாம் எடுத்துடுங்க. மூச்சு, எச்சி ஒண்ணும் வேண்டாம். குரல் மட்டும் போதும்."

இந்த வேலைக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டாள். வாய்ச்சத்தம் என்றாலே அவளுக்கு ஆகாது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சவைத்தால் போதும், தோள்பட்டை காதுவரை ஏறிவிடும். "கல்யாணமான புதுசுல நான் பிஸ்கட் தின்னா இவ எந்திரிச்சு அடுத்த ரூமுக்குப் போயிடுவா. நான் வெக்கப்படறாளாக்கும்னு நெனச்சுக்கிட்டேன்" என்று அவள் கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் டிரைவிங் பள்ளியில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் மாஸ்டர். "பிரேக்கு! பிரேக்க மிதிய்யா!" என்று அவர் போடும் சத்தம் தெருமுனையில் கேட்கும். வாயாடி மனுஷன். பேச ஆள் இல்லாவிட்டால் ஓடுகிற ஃபேனோடு பேசுவார்.

அந்த மனுஷனுக்குத்தான் நிமோனியா வந்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது நெஞ்சில் பாதிக் காற்றுக்கூடப் போகவில்லை. மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் பந்து மேலே ஏற வேண்டும், மணிக்குப் பத்துத் தடவை. அவருக்கு முதல் பந்தே பாதியில் இறங்கிவிடும். படுக்கையோரம் மூடி போட்ட சளிக் கிண்ணம். அதை எடுத்துக் கொட்டும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பாள். கட்டினவர் சளிக்கு முகம் சுளிக்கிறாயே, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். அவருக்கு அது தெரியாமலா இருக்கும்? "கண்ண மூடிக்கிட்டுக் கொட்டு, கால்ல கொட்டிக்காத" என்பார் இருமலுக்கு நடுவில். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அவர் பழையபடி மூச்சுவிட வேண்டும், பழையபடி கத்த வேண்டும். அவரைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளத்தான் இந்த வேலையையே வீட்டில் வைத்துச் செய்ய ஒப்புக்கொண்டாள்.

முந்தின நாள் சாயங்காலத்தோடு வெட்டும் வேலை முடிந்திருந்தது. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டியதை உடனே தூக்கிப் போடக் கூடாது. வெட்டிய குப்பையைத் தனியாக ஒரு தடவை கேட்க வேண்டும், அதற்குள் பாட்டில் ஒரு துணுக்காவது சிக்கியிருந்தால் தெரிந்துவிடும். எழுபத்திரண்டு பாட்டிலிருந்து வெட்டியது ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் மூச்சு. இடைவெளியோடு கேட்டால் நாள் பூராவும் ஆகும் என்று, இடைவெளியை எல்லாம் உருவிவிட்டு, ஒன்றின் வாலில் ஒன்றை ஒட்டி, ஒரே ஃபைலாக்கி வைத்திருந்தாள். பதினெட்டு நிமிடம் ஓடியது. பெயர் 'குப்பை'.

ஹெட்போனில் அதைக் கேட்கிற தைரியம் அவளுக்கு இல்லை. ஸ்பீக்கரில் போட்டாள்.

மேலண்ணத்திலிருந்து நாக்கு பிரியும் சத்தம், 'த்ச்' என்று. ஒட்டியிருந்த இரண்டு உதடுகள் எச்சில் இழையோடு விலகும் சத்தம். பிறகு பல்லுக்கு நடுவே ஈரமாக, நீளமாக, ஆசையாக உள்ளே போகும் காற்று. உடனே அடுத்த 'த்ச்'. அடுத்த உதடு. அடுத்த இழுப்பு. கண்ணை மூடினால் எதிரில் பாட்டுக்காரர் இல்லை, பாட்டும் இல்லை, வெறும் வாய் ஒன்றுதான் திறந்து திறந்து மூடுகிறது. ஐந்து நிமிடத்தில் அவளுக்குத் தலை சுற்றியது. தன் நெஞ்சும் விம்மி நிற்பதை அப்போதுதான் கவனித்தாள். வாடை இன்னும் போகவில்லை. சீ என்று எழுந்து, காற்று வரட்டும் என்று கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுப் பால் காய்ச்சப் போனாள். ஃபைல் முடிந்தால் மறுபடி தொடங்கும்படி வைத்திருந்தது நினைவில்லை.

பால் பொங்கும் நேரத்தில் மாஸ்டர் குரல் கேட்டது. "ஏய்! இங்க வா! ஓடி வா!"

பதறிக்கொண்டு ஓடினாள். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, கருவியைக் கோப்பை வாங்கியவர்போலத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிரிப்பு. "மூணாவது பந்து! மேல போய் ஒட்டிக்கிச்சு! உன் ரூம்ல யாரோ மூச்சு இழுத்துக்கிட்டே இருந்தாங்களே, அதோட சேந்து இழுத்துப் பாத்தேன். என்னா தாளம்!"

"அது செத்துப்போன பாட்டுக்காரர் மூச்சுங்க."

"செத்தவனுக்கு இவ்ளோ மூச்சா? எனக்குக் கொஞ்சம் குடுக்கட்டும்!"

அவள் சிரித்தாள், அழுதாள், அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அன்றைக்கே சின்ன ஸ்பீக்கர் ஒன்றைக் கட்டிலோரம் வைத்து, 'குப்பை'யைக் குறைந்த சத்தத்தில் ஓட விட்டாள். தன் காதுக்குப் பிடிக்காவிட்டால் என்ன, அவருக்கு நல்லது நடக்கிறதே. சமையலறையில் இருக்கும்போது மட்டும் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

மறுநாள் மூன்று பந்தும் ஒன்றாக ஏறின. ஆக்ஸிஜன் பார்க்க விரலில் மாட்டும் மெஷினில் தொண்ணூற்று இரண்டாக இருந்தது தொண்ணூற்று ஏழு ஆயிற்று. மாஸ்டருக்கு ஒரு தங்கை, ஆஸ்பத்திரியில் நர்ஸ். எண்ணைக் கேட்டதும் போனிலேயே கைதட்டினாள். "அண்ணி, பத்து நாள்ல அண்ணன் வண்டியே ஓட்டிடுவாரு பாருங்க. என்ன மருந்து குடுத்தீங்க?" மருந்து என்ன என்று சொல்ல இவளுக்கு என்னவோபோல இருந்தது. சொல்லவில்லை.

மாஸ்டர் பேசுவதே இல்லை என்பது மூன்றாம் நாள்தான் அவளுக்கு உறைத்தது.

ஏதாவது கேட்டால் தலையாட்டினார். சாப்பாடு வேண்டுமா என்றால் கையைக் காட்டினார். தொண்டைக்கு ஓய்வு கொடுக்கிறார் என்று நினைத்தாள். இருமலும் நின்றுவிட்டது. சளிக் கிண்ணத்தைத் திறந்தால் கழுவி வைத்தது கழுவி வைத்தபடியே இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், அவளுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. மூச்சைப் பிடிக்க வேண்டாம், விட்டத்தைப் பார்க்க வேண்டாம். அப்பாடா என்று கிண்ணத்தைப் பரண்மேல் வைத்தாள். இருமுகிறவர் ஏன் இருமவில்லை என்று யோசிக்க வேண்டியவள் அவள்தான். யோசிக்கவில்லை.

அதற்குள் வாடை வேலை அறையை விட்டு வெளியே வந்திருந்தது. முதலில் நடையில், பிறகு கூடத்தில், துணி மடிப்புகளுக்குள், தலையணை உறைக்குள். தரையை இரண்டு தடவை மருந்து போட்டுத் துடைத்தாள். குப்பைக்கூடையைக் கழுவினாள். ஃபிரிட்ஜைக் காலி செய்து பார்த்தாள். மூக்கு போன வழியில் போனால் கடைசியில் கட்டிலண்டைதான் போய் நிற்க வேண்டியிருந்தது. பாவம், படுத்தே கிடக்கிறார், வாய் நாறாமல் என்ன செய்யும் என்று பிரஷ்ஷும் கிண்ணமும் எடுத்து வந்து பல் விளக்கிவிட்டாள். வாய் நிறைய நுரை. "துப்புங்க" என்றாள். துப்பவில்லை. நுரையும் எச்சிலும் உதட்டு விளிம்புவரை தளும்பி நின்றன, அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளே தலையைச் சாய்த்து வழிய விட வேண்டியிருந்தது. கொழகொழவென்று இழையாக இறங்கியது, மோவாயிலிருந்து அறுபடாமல் கிண்ணம்வரை. துணியால் துடைத்தாள், துடைக்கத் துடைக்க நனைந்தது. கீழுதடு மட்டும் எத்தனை துடைத்தும் காயவில்லை, விளக்கு வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டே இருந்தது.

அன்று அவர் சட்டையின் மேல் பட்டன் தெறித்துக் கீழே கிடந்தது. உடம்பு தேறுகிறது என்று அதைத் தைத்து வைத்தாள்.

நான்காம் நாள் மத்தியானம், நல்ல வெயில். சுத்தம் செய்த பாட்டுகளைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு வேலை அறையில் உட்கார்ந்திருந்தபோது மேனேஜர் கூப்பிட்டார்.

"கேட்டேன் மேடம். கண்ணாடி மாதிரி இருக்கு. ஆனா என்னமோ ஒண்ணு..."

"என்ன சார்?"

"சொல்லத் தெரியல. ஆளு மூச்சே இழுக்காம விட்டுக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கு. உள்ள போனது எங்கன்னே தெரியல, வெளிய வர்றது மட்டும் வந்துக்கிட்டே இருக்கு. பரவாயில்ல, ஜனங்களுக்கு இதெல்லாம் தெரியாது" என்று வைத்துவிட்டார்.

போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெளியே வருவது மட்டும் பாட்டில் இருக்கிறது. சரிதான், பாடுகிறவன் மூச்சை விடுவதுதான் பாட்டு. அதை அவள் கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள். அப்படியானால் 'குப்பை'யில் இருப்பது? உள்ளே இழுப்பது மட்டும். ஆயிரத்து எழுநூறு இழுப்பு. ஒன்றுகூட விடவில்லை. விடுவதற்கு அதில் இடமே வைக்கவில்லை, இடைவெளியை எல்லாம் உருவினவள் அவளேதான்.

அதோடு சேர்ந்துதான் அவர் நான்கு நாளாக இழுத்துக்கொண்டிருக்கிறார்.

பேசவில்லை. பேச மூச்சை விட வேண்டும். இருமவில்லை. துப்பவில்லை. தும்மவில்லை, கொட்டாவி விடவில்லை, பெருமூச்சுவிடவில்லை. ராத்திரி குறட்டை விடவில்லை. அவர் கடைசியாக மூச்சுவிட்டதை எப்போது கேட்டாள்? செத்தவனுக்கு இவ்ளோ மூச்சா என்று சிரித்தாரே, அப்போது.

ஓடினாள்.

படுக்கையறை வாசலிலேயே வாடை முகத்தில் அறைந்தது. ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்தது. 'த்ச்'. இழுப்பு. 'த்ச்'. இழுப்பு. ஒயரைப் பிடுங்கி எறிந்தாள்.

'த்ச்'.

இழுப்பு.

சத்தம் நிற்கவில்லை. கட்டிலிலிருந்து வந்தது.

மாஸ்டர் மல்லாந்து கிடந்தார். தைத்த பட்டனும் இல்லை, சட்டையே பிளந்து கிடந்தது. நெஞ்சு தண்ணீர்ப் பானையாக உப்பி நின்றது. விலா எலும்பு ஒவ்வொன்றும் தோலுக்கடியில் தனித்தனியாக விலகியிருந்தது. கழுத்து நரம்பு கயிறு. முகம் கருநீலம். பாதி மூடிய கண், பாதி திறந்த வாய். அந்த வாய்க்குள் நாக்கு மேலண்ணத்திலிருந்து மெல்லப் பிரிந்தது. உதடுகளுக்கு நடுவே எச்சில் இழை நீண்டு, அறுந்தது. மறுபடி இழுத்தார். இன்னும் கொஞ்சம் உப்பியது.

"விடுங்க! என்னங்க, மூச்ச விடுங்க!"

திரும்பி ஓடிப் போய்க் கம்ப்யூட்டரில் 'குப்பை'யை அழித்தாள். வந்து பார்த்தாள். 'த்ச்'. இழுப்பு. இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தினாள். காற்றடைத்த டயரை அழுத்துவதுபோல இருந்தது, ஒரு நூல் இறங்கவில்லை. நாத்தனாருக்குப் போன் போட்டாள். விரலில் மெஷினை மாட்டினாள். நூறு காட்டியது.

"நூறா? அண்ணி, அது நல்லதுதானே... மெஷின சரியா மாட்டுங்க." பிறகு அந்தப் பக்கம் குரல் மாறியது. "அண்ணி, யாரு அங்க? யாரு அது போன்கிட்ட வாய வச்சுக்கிட்டு?"

"உங்க அண்ணன்தான். சீக்கிரம் வா. வண்டியோட வா."

"இருபது நிமிஷம் அண்ணி. ஆம்புலன்ஸோட வர்றேன். அவர உக்கார வைங்க!"

இருபது நிமிஷம் தாங்காது. அவளுக்கே தெரிந்தது. அவர் கண் கொஞ்சம் திறந்தது. அந்தக் கண் அவருடையதுதான், வேறு யாருடையதும் இல்லை. பிரேக்கு பிரேக்கு என்று தெருவைக் கூட்டுகிற மனுஷன் உள்ளே அகப்பட்டுக்கொண்டு அவளையே பார்த்தார். ஓரத்தில் கண்ணீர் திரண்டது. ஏதாவது செய் என்பது அதில் அச்சடித்ததுபோல் இருந்தது.

வெட்டினதை ஒட்டு. வேறு என்ன தெரியும் அவளுக்கு? மூச்சையும் பாட்டையும் பிரித்தது அவள், சேர்க்க வேண்டியதும் அவள். டேப்பிலிருந்து எடுத்த முதல் நகல் இருந்தது, கத்தி படாதது. இரண்டு தடவை தவறவிட்டு, மூன்றாம் தடவை அதைப் போனில் ஏற்றிக்கொண்டு ஓடி வந்தாள். ஸ்பீக்கர் ஒயரைச் செருகினாள். முதல் ஆல்பம், முதல் பாட்டு.

பியானோ. பிரஷ் தடவல். 'த்ச்'. ஸ்பீக்கரும் கட்டிலும் ஒன்றாக இழுத்தன.

பிறகு பாட்டு வந்தது, ஸ்பீக்கரிலிருந்து மட்டும். மாஸ்டரின் உதடுகள் ஒவ்வொரு சொல்லுக்கும் சரியாகக் குவிந்தன, விரிந்தன. காற்று வரவில்லை. அந்தப் பாட்டை அவர் ஜன்மத்தில் கேட்டதில்லை. வருகிறதா, கொஞ்சமாவது வருகிறதா என்று பார்க்கக் குனிந்தாள். வாடை கண்ணைக் கரித்தது. ஒரு நொடி தயங்கினாள். தயங்கினதற்காகத் தன்னைத் திட்டிக்கொண்டே காதை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

வந்தது.

வெதுவெதுவென்று, நான்கு நாள் உள்ளே கிடந்து ஊறிய காற்று அவள் காதுக்குள் நேராக இறங்கியது. அதோடு குரல். அவர் குரல் இல்லை. தாழ்ந்த, தேன் வழிகிற, ஒரே ஒருத்திக்காகப் பாடுகிற குரல். பக்கத்தில் வா. இன்னும் பக்கத்தில் வா. உதடு காது மடலைத் தொட்டது. தொட்டு ஒட்டிக்கொண்டது. சூடான எச்சில் துளி ஒன்று காதுக் குழிக்குள் உருண்டு போயிற்று.

வீறிட்டுத் துள்ளிப் பின்னால் போய்ச் சுவரில் மோதினாள். காதை முந்தானையால் தேய்த்தாள். தோல் உரிகிறாற்போலத் தேய்த்தாள். குமட்டி, தரையிலேயே வாந்தி எடுத்தாள்.

நிமிர்ந்தபோது கட்டிலில் பாட்டு நின்றிருந்தது. ஆனால் நெஞ்சு ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. முகத்தில் நீலம் கொஞ்சம் வெளுத்திருந்தது. அவர் கண் நன்றாகத் திறந்து அவளைப் பார்த்தது, பிழைத்தேன் என்கிறாற்போல.

'த்ச்'.

மறுபடி இழுப்பு. மறுபடி உப்பல். ஒன்று. இரண்டு. மூன்று. விலாவில் எங்கோ நொறுக்கென்று ஒரு சத்தம்.

உள்ளங்கையை வாயருகே வைத்தாள். விடவில்லை. போனை வைத்தாள். விடவில்லை. ஹெட்போனைக் கொண்டுவந்து உதட்டில் வைத்தாள், தலையணையை வைத்தாள். உதடுகள் குவிந்தன, காத்திருந்தன, விடவில்லை. கண் செருகத் தொடங்கியது. முகம் கறுத்தது.

"வேண்டாம்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "என்னங்க... என்னால முடியாதுங்க."

கண்ணீர் ஒன்று இறங்கி அவர் காதோரம் வழிந்தது.

கட்டிலோரம் மண்டியிட்டாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தலையைச் சாய்த்து, கூந்தலை ஒதுக்கி, காதைக் கொடுத்தாள்.

உடனே வந்தது. உதடு பொருந்தியது, முதலில் விட்ட இடத்திலிருந்தே பாட்டு தொடர்ந்தது. நெஞ்சு இறங்கியது. இழுத்தது, ஏறியது, பாடியது, இறங்கியது. நான்கு நாளில் முதல் தடவையாக அவர் ஒழுங்காக மூச்சுவிட்டார். கைவிரல் அவள் கையைத் தேடிப் பிடித்து அழுத்தியது. அந்தப் பிடி அவருடையது. அவள் தேம்பினாள். எச்சில் காதிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து ரவிக்கைக்குள் கோடாக இறங்கியது. ஒவ்வொரு சொல்லுக்கும் நாக்கு பிரிகிற சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்டது. கொஞ்சம் விலகினால் பாட்டு நின்றது. நெருங்கினால் தொடர்ந்தது. இரண்டாம் பாட்டு. மூன்றாம் பாட்டு. ஸ்பீக்கரில் பாட்டு எப்போதோ முடிந்து ஓய்ந்திருந்தது.

வாசல் மணி அடித்தது.

"அண்ணி! கதவத் திறங்க! அண்ணி!"

தலையை வாசல் பக்கம் திருப்பினாள். பாட்டு நின்றது. இழுப்பு. உப்பல். பிடித்திருந்த விரல்கள் வெடவெடவென்று நடுங்கின.

திரும்பி வந்து காதை வைத்தாள். வெளியே கதவை இடித்தார்கள், உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. எழுபத்திரண்டில் இன்னும் எத்தனை மிச்சம் என்று எண்ண முயன்று விட்டுவிட்டாள். நாக்கின் நுனி காது மடலைச் சுற்றி ஒரு தடவை மெதுவாகத் துழாவியது, பிறகு குழிக்குள் நுழைந்து நின்றது. அவள் அசையவில்லை. அடுத்த பாட்டுக்காக அது மூச்சை இழுத்தது.